பியற்றிஸ் மந்திரிமாரிடம் கேட்ட மூன்று கேள்விகள்

பிரித்தானிய அரசாங்கத்தின் மந்திரிமாரைப் பியற்றிஸ் செபஸ்தியாம்பிள்ளை மொத்தம் மூன்று தடவை கேள்வி கேட்டிருக்கிறாள். ஒரு தடவையும் நேரே நின்று கேட்கவில்லை. நேரே கேட்டிருந்தால் மந்திரிமார் இன்னும் கொஞ்சம் கவனமாகப் பதில் சொல்லியிருப்பார்கள். அவளுக்காகக் கேட்டவர் அந்தப் பகுதியின் எம்.பி. மிஸ்டர் டன்னிங். எதிர்க்கட்சிக்காரர், அதிலும் பின்வரிசை. ஆறடிக்கு மேல் வளர்ந்து, வளர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பவர் போலக் கழுத்தை முன்னால் வளைத்தபடியே நடப்பார். பியற்றிஸ் வீட்டுக்குள் அவருக்கு வைத்த பெயர் 'கேள்விக்குறி'.

தோர்ண்டன் ஹீத் ஸ்டேஷனில் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் அவளுடைய கடை. பேப்பர், பால், பாண், சிகரெட், மூலையில் இரண்டு தட்டு நிறைய மிளகாய்த்தூளும் மாசிக்கருவாடும். பலகையில் 'ரெட்ஸ் நியூஸ்' என்று இருக்கும். ரெட் என்பவர் 1986 இல் கடையை விற்றுவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். பலகையை மாற்றப் பியற்றிஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. அதன் பலனாக, யாழ்ப்பாணத்து அரசாங்கக் கச்சேரியின் ஆவண அறையில் பதினேழு வருடம் கிளாக்கராக இருந்த அவளுடைய புருஷன் செபஸ்தியாம்பிள்ளை, லண்டனில் ரெட் ஆகிவிட்டார். "மோர்னிங், ரெட்" என்று சொல்லிக்கொண்டு வருகிற எல்லாருக்கும் அவர் மரியாதையாகத் தலையாட்டுவார். திருத்தமாட்டார். யாரையும் திருத்துகிற வேலை வீட்டில் ஏற்கெனவே ஒருத்தரிடம் இருந்தது.

முதல் கேள்வி வியாபாரத்தைப் பற்றியது. 1987 இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்பது மணிப் பூசை முடிந்து வந்து பியற்றிஸ் கடையைத் திறந்து வைத்திருந்தபோது கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்தார். அவள் ஒரு தாய்க்குப் பால்மா டின் விற்றதைக் கண்ணால் கண்டார். ஞாயிற்றுக்கிழமையில் பால்மா டின் விற்பது சட்டப்படி குற்றம் என்றார். போத்தலில் இருக்கிற பால் விற்கலாம். பிராந்தி விற்கலாம், அதற்குரிய நேரத்தில். மேல்தட்டில் உள்ள, அட்டையில் துணி குறைந்த புத்தகங்களையும் விற்கலாம். பால்மா மட்டும் கூடாது. பியற்றிஸ் அந்த மனிதரை மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். பச்சைக் குழந்தைக்குப் பிராந்தி கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டாள். அவர் ஒரு எச்சரிக்கைத் துண்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊரில் இப்படி ஒரு வில்லங்கம் வந்தால் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியும். எம்.பி.யிடம் போக வேண்டும். எம்.பி. ஒரு கடிதத் துண்டு தருவார். அந்தத் துண்டைக் கண்டால் அரசாங்கக் கந்தோர்க்காரர் கதிரையை விட்டு எழும்புவார்கள். மிஸ்டர் டன்னிங் மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை பின்னேரம் லைப்ரரியின் பின்னறையில் மக்களைச் சந்திப்பார் என்று கேள்விப்பட்டாள். போவதென்று முடிவெடுத்தவள் முதலில் செய்த காரியம், ஆட்டிறைச்சி வாங்கியதுதான்.

"என்னத்துக்கு?" என்று செபஸ்தியாம்பிள்ளை கேட்டார்.

"பெரிய மனிசனைப் பாக்கப் போறன். வெறுங்கையோட போறதோ?"

நீல நிறப் பிஸ்கட் டின் ஒன்றில் இருபத்துநான்கு மட்டன் றோல்ஸை அடுக்கிக்கொண்டு அவள் லைப்ரரிக்குப் போனாள். பியற்றிஸின் ஆங்கிலம் இலக்கணத்துக்கு அடங்கியதல்ல. ஆனால் தெருவில் போகிறவனையும் நிறுத்தி வைத்துக் கேட்க வைக்கும். அதை ஆங்கிலத்திலேயே எழுதினால் அவளுக்கு அநியாயம் செய்ததாகும் என்பதால் அவள் பேசியதெல்லாம் இங்கே தமிழில் வருகிறது.

மிஸ்டர் டன்னிங் பால்மா விவகாரத்தை முழுதாகக் கேட்டார். கேட்டபடியே, மரியாதைக்காக ஒரு றோலை எடுத்துக் கடித்தார். முகம் சிவந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கத்தில் இருந்த செக்ரட்டரி மிஸஸ் பெல் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டாவது றோலை எடுத்தார்.

"இதை நான் மந்திரியிடம் கேட்பேன்" என்றார்.

"கேட்டு?"

"அவர் பதில் சொல்வார்."

"பிறகு?"

மிஸ்டர் டன்னிங் கொஞ்சம் யோசித்தார். "பிறகு, அவருடைய பதில் நம்மிடம் இருக்கும்."

பியற்றிஸ் வீட்டுக்கு வந்து டின்னை வைத்துவிட்டு, "இந்த நாட்டில எம்.பி.மாருக்குக் கேள்வி கேக்கிறது மட்டும்தானாம் வேலை" என்றாள். "பள்ளிக்கூடத்தில வாத்தியாரும் அதுதானே செய்தவர். அவர் எண்டாலும் பிழையாச் சொன்னா அடிப்பார்."

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. பாராளுமன்ற அறிக்கையில் அச்சடித்த பக்கத்தை மிஸஸ் பெல் பிரதியெடுத்து அனுப்பியிருந்தாள். ஞாயிறு வியாபாரம் பற்றிய சட்டத்தை அரசாங்கம் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது என்று மந்திரி சொல்லியிருந்தார். செபஸ்தியாம்பிள்ளை அதை மூன்று தடவை வாசித்தார். அச்சில் வந்த காகிதத்தின்மேல் அவருக்கு இருந்த பக்தி, மடுமாதாவின்மேல் இருந்த பக்திக்குக் கொஞ்சம்தான் குறைவு. கல்லாவுக்குப் பின்னால், மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை ஒட்டிவைத்தார். மந்திரியார் ஆராய்ந்த வேகத்தில் சட்டம் மாற ஏழு வருடம் பிடித்தது. மாறியபோது பெரிய சுப்பர்மார்க்கெற்றுகளும் ஞாயிற்றுக்கிழமை கதவைத் திறந்தன. ஞாயிறு வந்துகொண்டிருந்த ஆட்களில் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். இதற்குத்தானா மினக்கெட்டுக் கேட்டேன் என்று பியற்றிஸ் நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது கேள்வி குற்றத்தைப் பற்றியது. 1991 இல் கடைக் கண்ணாடியை மூன்று தடவை உடைத்தார்கள். பொலிஸ் மூன்று தடவையும் வந்து, மூன்று தடவையும் ஒரு முறைப்பாட்டு நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பியற்றிஸ் டின்னை நிரப்பிக்கொண்டு லைப்ரரிக்குப் போனாள். அதற்குள் அவளுக்கு அங்கே போகக் காரணம் தேவைப்படவில்லை. கடைத்தெருவுக்குப் போகிற வழியென்றாலும் சரி, பெருநாள் என்றாலும் சரி, டின் போகும். மிஸ்டர் டன்னிங் இப்போது தண்ணீரில்லாமலே சாப்பிடப் பழகியிருந்தார். தென்லண்டனில் ஒரு வருடத்தில் எத்தனை கடைக் கண்ணாடிகள் உடைக்கப்பட்டன என்று உள்துறை மந்திரியைக் கேட்டார். அந்த விவரம் மையமாகத் திரட்டப்படுவதில்லை என்று பதில் வந்தது.

"நான் எண்ணி வச்சிருக்கிறன், மூண்டு" என்றாள் பியற்றிஸ். "என்னட்டையே கேட்டிருக்கலாம்."

செபஸ்தியாம்பிள்ளை அந்தப் பதிலையும் ஒட்டிவைத்தார்.

மூன்றாவது கேள்விக்குக் காரணம் அவர்தான்.

1993 நவம்பரில் ஒரு பின்னேரம், வெளியே இருட்டிய பிறகு, ஒருவன் கடைக்குள் வந்து இரண்டு விஸ்கிப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியேறினான். செபஸ்தியாம்பிள்ளை கல்லாவை விட்டு வந்து வாசலில் நின்று, "எக்ஸ்கியூஸ் மி, சேர்" என்றார். களவெடுத்தவனையும் சேர் என்று கூப்பிட்ட ஒரே கடைக்காரர் அவராகத்தான் இருப்பார். அவன் ஒரு போத்தலால் அவருடைய தலையில் அடித்தான். பதினொரு தையல். அம்புலன்ஸில் வைத்துப் பொலிஸ்காரர் கேட்டபோது, அவன் கறுப்புக் கோட் போட்டிருந்தான் என்றார். அடுத்த நாள், தலையில் கட்டோடு படுத்திருந்தபடியே, கறுப்பு இல்லை, நேவி நீலம் என்று திருத்திச் சொன்னார். இரண்டு வாரத்தில் ஆளைப் பிடித்தார்கள். வரிசையாக நிறுத்திய ஒன்பது பேரில் அவனைத் தயங்காமல் காட்டினார். வழக்குக்கு அடுத்த ஜூனில் தவணை போட்டார்கள்.

அந்த ஆறு மாதத்தில் செபஸ்தியாம்பிள்ளை ஒரு புது மனிதரானார். கோர்ட்டில் சாட்சி சொல்லப்போவது அவருக்குக் குருப்பட்டம் பெறப்போவது போல இருந்தது. நடந்ததை முழுவதும் மூன்று பக்கத்தில், கச்சேரிக் கையெழுத்தில், திகதி நேரத்தோடு எழுதினார். பழுப்பு அட்டைக் கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார். குளித்துவிட்டு வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்று அதை வாசித்துப் பழகினார். கல்யாண வீடுகளுக்கு மட்டும் போடுகிற சாம்பல்நிறக் கோட்டைப் பியற்றிஸ் அயன் பண்ணிக் கொழுவி வைத்தாள்.

தவணை நாளில் இருவரும் ஒன்பதரைக்கே கோர்ட்டுக்குப் போய் மர வாங்கில் உட்கார்ந்தார்கள். பதினொன்றரைக்குக் கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் வந்தாள். வழக்குக் கைவிடப்பட்டது, நீங்கள் வீட்டுக்குப் போகலாம் என்றாள். ஏன் என்று பியற்றிஸ் கேட்டாள். தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த வாங்குக்குப் போய்விட்டாள். செபஸ்தியாம்பிள்ளை கோப்பின் நாடாவைத் திரும்ப இறுக்கிக் கட்டினார்.

வீட்டுக்கு வந்ததும், "கோட்டாலதான்" என்றார்.

"என்ன கோட்?"

"முதல் கறுப்பெண்டு சொன்னன். பிறகு நேவி நீலமெண்டு சொன்னன். இந்தாள் ஒரு நிலையில நிக்கிற ஆளில்லை எண்டு நினைச்சிட்டாங்கள். என்ர வாயால கெட்டுப்போச்சு."

"கோட்டைப் பற்றி உங்களை ஆரும் கேட்டவையோ?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. கேட்டிருந்தா விளங்கப்படுத்தியிருப்பன்."

அடுத்த நாளில் இருந்து அவர் கல்லாவுக்கு வரவில்லை. கடைக்கு மேலே இருந்த அறையில், ஜன்னலோரக் கதிரையில், ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். ரேடியோ ஓடாது. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். கேட்டதற்குப் பதில் சொல்வார். கீழே இறங்க மட்டும் மாட்டார். யூனிவேர்சிற்றியில் இருந்து பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து கெஞ்சிப் பார்த்தார்கள். சுவாமியாரும் வந்து பார்த்தார். "கீழ போய் நிண்டா ஆக்கள் ஏதும் கேப்பினம். நான் பிழையாச் சொல்லிப்போடுவன்" என்றார். ஓகஸ்டில் ஒரு நாள் அடித்தவனே கடைக்கு வந்து சிகரெட் கேட்டான். பியற்றிஸ் அவனுக்குச் சொன்ன வார்த்தைகள் ஞானஸ்நானம் பெற்ற வாயால் சொல்லக்கூடியவை அல்ல. அவன் போன பிறகு மேலே ஏறிப்போனாள். செபஸ்தியாம்பிள்ளை ஜன்னல் வழியாக அவன் வந்ததையும் போனதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கதிரையை ஜன்னலை விட்டுப் பின்னுக்கு இழுத்து வைத்திருந்தார். அதைக் கண்ட அன்றிரவே பியற்றிஸ் பேனையை எடுத்தாள்.

வழக்குத் தொடரும் அலுவலகத்துக்கு எழுதினாள். தனிப்பட்ட வழக்குகளைப் பற்றிக் கருத்துச் சொல்வதில்லை என்று பதில் வந்தது. மிஸ்டர் டன்னிங் எழுதினார். அவருக்கும் அதே வசனம், கொஞ்சம் தடித்த காகிதத்தில். சரி, மந்திரியையே கேட்போம் என்றார் அவர். சாட்சிகளுக்குக் காரணம் சொல்லாமல் எத்தனை வழக்குகள் கைவிடப்படுகின்றன, இந்த வழக்கு ஏன் கைவிடப்பட்டது. ஒக்ரோபரில் பாராளுமன்றம் கூடியதும் கேள்வியைப் போடுவதாகச் சொல்லி, நாலாவது றோலை எடுத்தார்.

ஒக்ரோபர் வந்தது. கூடவே ஒரு பூகம்பமும் வந்தது. சில எம்.பி.மார் காசு வாங்கிக்கொண்டு பாராளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள் என்று பேப்பர்களெல்லாம் கத்தின. பியற்றிஸே அந்தப் பேப்பர்களைக் காலையில் இருந்து இரவு வரை விற்றாள். நல்ல வியாபாரம். அதற்கும் தனக்கும் ஒரு தொடுசலும் இருப்பதாக அவளுக்குப் படவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கம்போல டின்னோடு லைப்ரரிக்குப் போனாள்.

மிஸஸ் பெல் எழுந்து நின்று இரண்டு கையாலும் மறித்தாள். மிஸ்டர் டன்னிங் மேசையில் இருந்த, கோடு போடுகிற அடிமட்டத்தை எடுத்து, அதன் நுனியால் டின்னை மேசை விளிம்பு வரைக்கும் தள்ளினார். டின்னுக்குள் பாம்பு இருந்திருந்தால்கூட இன்னும் கொஞ்சம் நெருங்கியிருப்பார்.

"மிஸஸ் செபஸ்தியாம்பிள்ளை, இதை நான் வாங்க முடியாது."

"ஏன், வயிறு சரியில்லையோ?"

மூன்று நாள் கழித்துக் கடிதம் வந்தது. நீண்டகாலமாகத் தாங்கள் காட்டிய விருந்தோம்பலைக் கருத்திற்கொள்ளும்போது, தங்கள் கேள்வியை இப்போது நான் சமர்ப்பிப்பது தவறாக விளங்கிக்கொள்ளப்படலாம் என அஞ்சுகிறேன் என்று எழுதியிருந்தார். கேள்வித் தாளும் உள்ளே மடித்து வைக்கப்பட்டிருந்தது. பியற்றிஸ் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். ஏழு வருடமாக அவள் கொண்டுபோன றோல்ஸ் எல்லாம் லஞ்சமாம். சாப்பிடும்போது றோல்ஸாக இருந்தது, செரித்த பிறகு லஞ்சமாகிவிட்டது.

மேலே போய்ப் புருஷனிடம் சொன்னாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே, "விடும் பியற்றிஸ்" என்றார். "அவருக்கும் தெரிஞ்சிருக்கும்."

"என்ன தெரிஞ்சிருக்கும்?"

"கோட் விசயம்."

பியற்றிஸ் கீழே வந்து சரக்கு அறையில், உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்குக் காரணம் எம்.பி.யும் இல்லை, கடிதமும் இல்லை. மேலே அந்தக் கதிரையில் இருந்த மனிதர் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டு போகிறார், அதை நிறுத்த அவளுக்கு வழி தெரியவில்லை, அதற்காகத்தான். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு முகத்தைக் கழுவினாள்.

அடுத்த சந்திப்பு வெள்ளிக்கிழமை அவள் வெறுங்கையோடு போனாள். கேட்பதற்குச் சின்ன விசயம்தான். ஆனால் பியற்றிஸ் தன் ஐம்பத்திரண்டு வயதில் ஒருத்தர் வாசலுக்கும் அப்படிப் போனதில்லை. கோயிலுக்குப் போனால் மெழுகுதிரி, நோயாளியைப் பார்க்கப் போனால் தோடம்பழம், செத்தவீட்டுக்குப் போனாலும் தேயிலைப் பைக்கெற். தெருவில் நடக்கும்போது கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. கோட் பையில் விட்டாள், எடுத்தாள், கட்டிக்கொண்டாள். தெரிந்தவர்கள் யாரும் எதிரே வந்துவிடக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பின்னறையில் பத்துப் பேர் கதிரைகளில் காத்திருந்தார்கள். மிஸ்டர் டன்னிங்குக்குப் பக்கத்தில், நோட்டுப் புத்தகத்தோடு உள்ளூர்ப் பேப்பர்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தான் சுத்தமானவர் என்று காட்ட அவரே அழைத்திருக்கிறார். வருகிற ஒவ்வொருவரிடமும் அவள் ஒரே கேள்வியைக் கேட்டாள். எம்.பி.க்கு எப்போதாவது ஏதாவது கொடுத்திருக்கிறீர்களா? எல்லோரும் இல்லை என்றார்கள். ஒரு கிழவர் மட்டும், ஒரு தடவை திட்டுக் கொடுத்திருக்கிறேன் என்றார்.

பியற்றிஸின் முறை வந்தது.

"ஓம், குடுத்தனான்" என்றாள். "மட்டன் றோல்ஸ்."

மிஸஸ் பெல்லின் கையில் இருந்த பேனை கீழே விழுந்தது. மிஸ்டர் டன்னிங் கண்ணை மூடிக்கொண்டார். பேப்பர்ப் பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை?"

"எண்ணிக் குடுக்கிறதுக்கு அது மாத்திரையோ?"

"அதற்குப் பதிலாக உங்களுக்கு என்ன கிடைத்தது?"

"கேள்வி. இரண்டு கேள்வி கேட்டவர்."

"மந்திரிகள் என்ன பதில் சொன்னார்கள்?"

"ஒண்டுக்கு யோசிக்கிறம் எண்டாங்கள். மற்றதுக்குத் தெரியாது எண்டாங்கள்." பியற்றிஸ் மேசையில் இரண்டு கையையும் ஊன்றினாள். "பிள்ளை, இதைக் கவனமா எழுது. நான் லஞ்சம் குடுக்கிற ஆளெண்டா பதிலுக்கெல்லோ குடுத்திருப்பன்? கேள்விக்கு ஆரும் குடுப்பினமோ? கேள்வி என்னட்டைத் தேவைக்கு மேல கிடக்கு."

பத்துப் பேரும் சிரித்தார்கள். திட்டுக் கொடுத்த கிழவர் கைதட்டினார். பேப்பர்ப் பெண்ணும் சிரித்துக்கொண்டே எழுதினாள்.

பியற்றிஸ் சிரிக்கவில்லை. மிஸ்டர் டன்னிங்கின் பக்கம் திரும்பினாள். "இண்டைக்கு வெறுங்கையோட வந்திருக்கிறன். பாருங்கோ" என்று இரண்டு உள்ளங்கையையும் அவருக்கு முன்னால் விரித்துக் காட்டினாள். "என்ர மனிசன் ஐஞ்சு மாசமாக் கீழ இறங்கேல்லை. கோட்டின்ர நிறத்தைத் தான் மாத்திச் சொன்னபடியாத்தான் வழக்குப் போனதெண்டு நினைச்சுக்கொண்டு இருக்கிறார். அதுதானோ காரணம், வேற ஏதுமோ? எனக்கு அது தெரிஞ்சாக் காணும். கேப்பீங்களோ, மாட்டீங்களோ?"

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார். எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் இருந்தன. மேசைமேல் அவள் வைத்த கேள்வித் தாளை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்கக் கையெழுத்து வைத்தார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. இந்த முறை அதற்குக் காரணம் மிளகாய் அல்ல.

டிசம்பரில் பதில் அச்சில் வந்தது. இத்தகைய வழக்குகளின் எண்ணிக்கையைத் திரட்ட அளவுக்கு மீறிய செலவாகும் என்று மந்திரி சொல்லியிருந்தார். பியற்றிஸ் எதிர்பார்த்ததுதான். ஆனால் அதன் கீழே இன்னொரு வரி இருந்தது. குறிப்பிட்ட வழக்கைப் பற்றி மாண்புமிகு உறுப்பினருக்குத் தனியாக எழுதுகிறேன். அந்தக் கடிதம் வந்த அன்றே, பின்னேரம் நாலு மணிக்கு, மிஸ்டர் டன்னிங் அதைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே கடைக்கு வந்தார். கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"இஞ்சருங்கோ!" என்று பியற்றிஸ் படிக்கட்டைப் பார்த்துக் கத்தினாள். "கீழ வாங்கோ, எம்.பி. வந்திருக்கிறார்."

வாசலுக்கு வந்த பெரிய மனிதரை நிற்க வைக்கச் செபஸ்தியாம்பிள்ளையின் பழக்கம் விடாது. செருப்போடும் கம்பளிச் சட்டையோடும் படிக்கட்டின் கடைசிப் படி வரை வந்தார். அதற்கு மேல் வரவில்லை. கடிதத்தை அங்கேயே நின்று வாசித்தார்.

வழக்கின் கோப்பு ஒரு கட்டடத்தில் இருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போகவேண்டியிருந்ததாம். போய்ச் சேரவில்லையாம். தவணை நாளில் அரச தரப்பு வழக்கறிஞரின் கையில் ஒரு காகிதமும் இருக்கவில்லை, ஆகவே வழக்கைக் கைவிட நேர்ந்தது. கோப்பு இப்போது வேறொரு அலுமாரியில் கண்டெடுக்கப்பட்டுள்ளது. திரு. செபஸ்தியாம்பிள்ளையின் வாக்குமூலத்தை அந்த அலுவலகத்தில் எவரும் வாசித்திருக்கவில்லை. வருந்துகிறோம்.

"பைலைத் துலைச்சவையோ?" என்றார் செபஸ்தியாம்பிள்ளை மெதுவாக.

"அப்படித்தான் தெரிகிறது" என்றார் மிஸ்டர் டன்னிங்.

"எந்த அலுமாரியில கிடந்தது?"

"அதைக் கடிதத்தில் சொல்லவில்லை."

"பதினேழு வருசம்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை. குரல் உயர்ந்தது. "பதினேழு வருசம் நான் றெக்கோட் றூமில இருந்தனான். வெள்ளம் வந்தது. கரையான் வந்தது. கலவரம் வந்தது. ஒரு பைல் துலைக்கேல்லை." பிறகு கடிதத்தைத் திரும்பப் பார்த்தார். "அப்ப கோட்..."

"கோட்டைப் பற்றி ஒரு நாயும் யோசிக்கேல்லை" என்றாள் பியற்றிஸ். "வாசிச்சாத்தானே யோசிக்கிறதுக்கு."

அவர் கடிதத்தை மடித்து அவளிடம் கொடுத்துவிட்டு மேலே போய்விட்டார். கதவு சாத்திய சத்தம் கேட்டது. நம்பவில்லை என்பதைவிட வாசிக்கவேயில்லை என்பது அவருக்கு மோசமாகிவிட்டதோ என்று பியற்றிஸ் பயந்தாள். கடைக்குள் இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள் கிறிஸ்ப் பைக்கெற்றோடும், ஒரு வெள்ளைக்காரப் பெண் பால் போத்தலோடும் காத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களைக் கவனிக்க அவளுக்குக் கை எழவில்லை.

கதவு திரும்பத் திறந்தது. செபஸ்தியாம்பிள்ளை சப்பாத்துப் போட்டு இறங்கி வந்தார். கம்பளிச் சட்டைக்கு மேலே சாம்பல்நிறக் கோட். கையில் நாடா கட்டிய பழுப்புக் கோப்பு. கடைசிப் படியைத் தாண்டினார். கல்லாவின் பலகையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய், தன்னுடைய இடத்தில் நின்றார். நாடாவை அவிழ்த்து, தொண்டையைச் செருமி, வாசிக்கத் தொடங்கினார். அவருடைய ஆங்கிலம் சுத்தமான கச்சேரி ஆங்கிலம். திகதி, நேரம், வானிலை, விளக்கு வெளிச்சம், எடுத்த போத்தல்கள் இரண்டு, தான் சொன்ன வார்த்தைகள், விழுந்த அடி. மூன்று பக்கம். கிறிஸ்ப் தின்றுகொண்டிருந்த பிள்ளை வாயில் போட்டதை மெல்லாமல் வைத்துக்கொண்டு நின்றாள்.

முடிந்தபோது மிஸ்டர் டன்னிங், "நன்றி" என்றார்.

"நன்றி கிடக்கட்டும்" என்றாள் பியற்றிஸ். "கேளுங்கோ. கேக்கிறதுதானே உங்கட வேலை."

அவர் அவளைப் பார்த்தார். விளங்கிக்கொண்டார். வளைந்த கழுத்தை அன்றைக்குத்தான் முதல்முறையாக நிமிர்த்தி, பாராளுமன்றத்தில் நிற்பதைப் போல நின்றார்.

"மிஸ்டர் செபஸ்தியாம்பிள்ளை. அந்த ஆள் போட்டிருந்த கோட் என்ன நிறம்?"

செபஸ்தியாம்பிள்ளை தன் கோட்டின் பொத்தானைப் பூட்டினார்.

"நேவி நீலம், சேர். வெளியில தெரு விளக்கு மஞ்சள். அந்த வெளிச்சத்தில கறுப்பாத் தெரிஞ்சது. அதனால முதலில கறுப்பெண்டு சொன்னனான். பிறகு, கடைக்குள்ள வெள்ளை விளக்கில அவனைக் கண்டது ஞாபகம் வந்தது. அது நேவி நீலம்."

"தெளிவாக இருக்கிறது. வேறு கேள்விகள் இல்லை."

பியற்றிஸ் முந்தானை இல்லாததால் கம்பளிச் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செபஸ்தியாம்பிள்ளை மூன்று பக்கத்தையும் ஓரம் தட்டி அடுக்கினார். நாடாவைக் கட்டினார். கோப்பைக் கல்லாவின் கீழ், தேடாமல் எடுக்கக்கூடிய இடத்தில் வைத்தார். பிறகு காத்திருந்தவர்களைப் பார்த்தார்.

வெள்ளைக்காரப் பெண் பால் போத்தலை மெல்ல முன்னால் நகர்த்தினாள். "இது மட்டும்தான், ரெட்."

"ரெட் ஸ்பெயினிலே இருக்கிறார்" என்றார் செபஸ்தியாம்பிள்ளை, பாலைப் பையில் போட்டபடி.